வானம் பார்த்த பிள்ளைகள்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, மறைபரப்பு ஞாயிறு. பெரியபாளையத்தை அடுத்த எங்கள் சிற்றாலயத்தில் திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பிற்குச் சென்றேன். வழக்கமாக வேப்ப மரத்தடியில் நடைபெறும் வகுப்பு, மழைக்காலமாதலால் தாழ்வாரத்திற்கு இடம் மாறியிருந்தது. மறைபரப்புப் பணியைப் பற்றிப் பேச ஆயத்தமாகப் போயிருந்த என்னை, ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வேறு வழிக்கு இழுத்துவிட்டான்.

"சாமி, பொய் சொல்வது பாவம் என்று போன வாரம் சொன்னீர்கள். ரேடியோவில் பொய் சொன்னாலும் பாவம்தானே?"

யார் என்ன பொய் சொன்னார்கள் என்று கேட்டேன். புதன்கிழமையன்று சிவப்பு எச்சரிக்கை என்றார்களாம். பள்ளிக்கு விடுமுறையும் விட்டார்களாம். சொன்ன பெருமழை வரவே இல்லையாம். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். வாசலில் நின்றிருந்த பெற்றோரும் சிரித்தனர். "மழை என்று சொன்னால் வெயில் அடிக்கும், சொல்லாவிட்டால் கொட்டும், அவ்வளவுதான் சாமி" என்றார் ஒருவர்.

அவர்களுடன் சேர்ந்து சிரிக்க என்னால் இயலவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு நாள் கிளைக் கிராமத்தில் பூசை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் உபதேசியார் அமர்ந்திருந்தார். வழியில் ஓர் ஆற்றின் தரைப்பாலம். வெள்ளம் வரக்கூடும், எவரும் ஆற்றைக் கடக்க வேண்டாம் என முந்தின நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். எனினும் வானமோ பளிச்சென்றிருந்தது. இரண்டு நாட்களாக எங்கள் பக்கம் ஒரு தூறலும் இல்லை. பாலத்தின்மேல் முழங்காலுக்குக் கீழாகத் தண்ணீர் ஓடியது. "வேண்டாம் சாமி" என்றார் உபதேசியார். நான் கேட்கவில்லை. பாதிப் பாலத்தில் இயந்திரம் நின்றது. நீர் எங்கள் கால்களைத் தரையினின்றும் பெயர்த்தது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் கயிறு வீசி எங்களை இழுத்துக் காப்பாற்றினார்கள். மோட்டார் சைக்கிள் மூன்றாம் நாள் மணலில் புதைந்து கிடைத்தது. அதற்குப் பிறகு உபதேசியார் என் வண்டியில் ஏறவே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியுமா?

தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்த்து, எச்சரிக்கையை எள்ளி நகையாடியவன் நான். அந்தச் சிறுவனின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. எங்கள் பங்குப் பள்ளி ஆசிரியை ஒருவரின் துணையுடன், மறைக்கல்வி முடிந்தபின் ஞாயிறுதோறும் இருபது நிமிடம் வானத்தைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தேன். பெற்றோர் தங்கள் இல்லத்திலேயே செய்து பார்க்கத்தக்கவை ஆதலால் அவற்றுள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

காற்றுக்கும் எடை உண்டு

விளிம்பு வரை நீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரின்மேல் ஓர் அஞ்சலட்டையை வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு தலைகீழாகக் கவிழ்த்தேன். கையை எடுத்தேன். அட்டை விழவில்லை, நீரும் கொட்டவில்லை. "மந்திரம்!" என்று கூவினார்கள். மந்திரமன்று, கீழிருந்து காற்று அட்டையைத் தாங்கி நிற்கிறது. நம்மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. பிறந்தது முதல் பழகியதாலும், உள்ளிருந்தும் அதே அளவு அழுத்தம் இருப்பதாலும் நாம் அதை உணர்வதில்லை.

இதை முதன்முதலில் அளந்து காட்டியவர் கலிலேயோவின் சீடரான தொரிசெல்லி. 1643-இல் அவர் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தபோது, அது சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. ஐந்தாண்டு கழித்து, பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் தம் மைத்துனரை அத்தகைய குழாயுடன் ஒரு மலைமேல் அனுப்பினார். மேலே ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. மேலே செல்லச் செல்ல, தலைக்குமேல் உள்ள காற்று குறைகிறதன்றோ? அன்று முதல் மனிதன் காற்றை எடை போடக் கற்றுக்கொண்டான். வானொலியில் நாம் கேட்கும் "காற்றழுத்தத் தாழ்வு" என்னும் சொல் இங்கிருந்து வந்தது. ஓரிடத்தில் காற்றின் எடை சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தால், சுற்றியுள்ள காற்று அங்கே விரைந்து செல்கிறது. கூடவே ஈரத்தையும் எடுத்துச் செல்கிறது.

கடல் எந்தப் பக்கம்?

அடுத்த ஞாயிறு, ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களில் ஒன்றில் ஆற்று மணலும் மற்றொன்றில் நீரும் இட்டு வெயிலில் வைத்தோம். ஒரு மணி நேரத்தில் மணல் சுட்டது. நீர் இளஞ்சூட்டிலேயே இருந்தது. நிழலுக்கு மாற்றியபோது மணல் முதலில் ஆறிற்று. தரை விரைவில் சூடேறி விரைவில் குளிரும். கடல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும். நம் பகுதியின் வானிலையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு டப்பாக்களுக்குள் அடங்கிவிடுகிறது.

சித்திரை வெயிலில் நண்பகல் வாக்கில் பழவேற்காட்டில் கடற்காற்று எழுகிறது. சூடேறிய நிலத்தின் காற்று இலேசாகி மேலே செல்ல, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. அது பொன்னேரியைத் தாண்டி நம் ஊரை அடைய இன்னும் சிறிது நேரம் ஆகும். இரவிலோ நிலம் முந்திக் குளிர்வதால் காற்று கடலை நோக்கித் திரும்புகிறது. பாய்மரத்தை நம்பிய காலத்து மீனவர் பின்னிரவில் புறப்பட்டுப் பிற்பகலில் கரை திரும்பியது இக்கணக்கை அறிந்தே. பாடநூல் படித்து அவர்கள் இதைக் கற்கவில்லை.

இதையே ஒரு கண்டத்தின் அளவிற்கு விரித்துப் பார்த்தால் பருவக்காற்று. கோடையில் இந்திய நிலப்பரப்பு காய்ந்து கொதிக்க, தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் சுமையில் பெரும்பகுதியைக் கேரளத்துப் பக்கம் இறக்கிவிடுகிறது. கதிரவன் தெற்கே சாய்ந்தபின் வடக்கு நிலம் குளிர்கிறது. காற்று திசைமாறி வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின்மேல் ஈரத்தை வாரிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. சென்னைப் பகுதிக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான். ஆடி ஆவணி மாலைகளில் மேற்கே கறுத்து இடியுடன் வரும் மழையும் நம் மாவட்டத்திற்கு உண்டு.

இவ்விடத்தில் லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். மேற்கே மேகம் எழும்பினால் மழை வரும் என்றும், தெற்கிலிருந்து காற்று வீசினால் வெப்பம் வரும் என்றும் மக்கள் கணித்துச் சொல்வதை ஆண்டவர் அங்கே குறிப்பிடுகிறார். ஏன் மேற்கே என்று பிள்ளைகளைக் கேட்டேன். சுவரில் தொங்கிய புனித நாட்டு வரைபடத்தைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி எழுந்தாள்: "அங்கே கடல் மேற்கே இருக்கிறது சாமி. தெற்கே பாலைவனம். இயேசு நம் ஊரில் பிறந்திருந்தால், கிழக்கே மேகம் என்று சொல்லியிருப்பார்." குருமடத்தில் நான் படித்த விவிலிய விளக்கங்கள் பல, ஐயத்துக்கு இடமின்றி நெஞ்சில் பதிந்தவை சிலவே. அவற்றுள் இதையும் சேர்த்துக்கொண்டேன். எலியா தம் ஊழியனைக் கார்மேல் மலையிலிருந்து கடலைப் பார்த்துவர ஏழு முறை அனுப்பிய நிகழ்ச்சியும் அப்போது நினைவுக்கு வந்தது. ஆறு முறை ஒன்றுமில்லை. ஏழாம் முறை உள்ளங்கையளவு மேகம். வானிலை நோக்கர் வேலை அதுவேதான்: ஒன்றுமில்லாதபோதும் சலிக்காமல் போய்ப் பார்ப்பது.

அண்டாவும் தம்ளரும்

மழையை அளப்பது எப்படி என்ற கேள்வியில் நாங்கள் இரண்டு ஞாயிறு தங்கிவிட்டோம். தங்கியதற்கு வருந்தவில்லை.

முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு தம்ளரையும் வைத்தால் எதில் மழை அதிகம் என்று கேட்டேன். "அண்டாவில்!" என ஒரே குரல். அப்படியானால் அண்டா வைத்திருக்கும் வீட்டில் பெருமழை, தம்ளர் வைத்திருக்கும் வீட்டில் சிறுமழையா என்று கேட்டதும் மௌனம். அடுத்த மழையில் நேர்ப் பக்கமுள்ள பாத்திரங்கள் நான்கை வெளியே வைத்துக் குச்சி விட்டு அளந்தார்கள். கொள்ளளவு வேறு வேறு. ஆழமோ நான்கிலும் ஒன்றே. "மழை என்பது ஊர்மேல் விரித்த பாய் மாதிரி, நாம் பாயின் கனத்தைத்தான் அளக்கிறோம்" என்றான் ஒருவன். ஆசிரியை அதைக் கரும்பலகையில் எழுதிவைத்தார்.

மழைமானி செய்வது எளிது. பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேற்பகுதியைத் தலைகீழாக அதனுள்ளேயே புனல்போலப் பொருத்துக. அடி மேடுபள்ளமாக இருக்குமாதலால், கூழாங்கல் சில இட்டு, நேர்ப்பகுதி தொடங்கும் இடம்வரை நீர் ஊற்றி, அங்கே சுழி என்று குறித்து, அதிலிருந்து மேலே மில்லிமீட்டர்க் கோடுகள் வரைக. மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கலாகாது; அருகில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துக. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவைக் குறித்து, மிகுந்த நீரைக் கொட்டி, சுழிக்கோட்டிற்குச் சரிசெய்க. இந்தியா முழுவதும் வானிலை நிலையங்களில் அன்றாட மழையைக் கணக்கிடுவது அந்த 8.30 மணிக்கே.

நம் முன்னோருக்கும் மழைக்கணக்கு உண்டு. "ஓர் உழவு மழை", "இரண்டு உழவு மழை" என்று மண் நனைந்த ஆழத்தை வைத்து உழவர் சொல்வது இன்றும் நம் பக்கம் வழங்குகிறது. பஞ்சாங்கம் மரக்கால் கணக்கில் மழை கூறும். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் பாத்திரம் வைத்து மழையளக்கும் முறை உள்ளது. கொரிய நாட்டில் 1441-இல் செஜோங் மன்னர் ஆட்சியில் மழைமானி செய்து ஊர் ஊராகக் கணக்கெடுத்தார்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தியில் ஈசல் புறப்பட்டால் அடைமழை என்பன போன்ற பேச்சுகளை என்ன செய்வது என்று ஓர் அன்னை கேட்டார். ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். தட்டான் தாழப் பறந்த நாளையும் அதற்கு மறுநாள் மழையளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வரட்டும், ஆண்டு முடிவில் எண்ணிப் பார்ப்போம் என்றேன். எண்ணிப் பார்ப்பதுதானே விஞ்ஞானம்?

இனி ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். இருபது மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 20,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஒன்றரைக்கும் மேல்! காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். அதே மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் பத்துக் கோடி லிட்டர்.

ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் அது கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதி கனமழை. செய்தியில் இவற்றைச் சென்டிமீட்டரில் சொல்வார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரே நாளில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர். பிள்ளைகளை அளவுகோலை எடுத்து அவ்வுயரத்தைச் சுவரில் குறிக்கச் சொன்னேன். முதல் வகுப்புக் குழந்தையின் இடுப்பளவு வந்தது. ஊர் முழுவதும் அவ்வளவு ஆழப் பாய்! அதன்பின் எவரும் சிரிக்கவில்லை.

நம் ஆறு

ஆரணியாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்ட மணலாகவே கிடக்கிறது. ஆடி மாதத்தில் பவானி அம்மன் கோவிலுக்கு வரும் பல்லாயிரவர் அந்த மணலில் தங்கிச் சமைத்து உண்பதைக் கண்டே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். எனவே அது ஆறு என்பதே அவர்களுக்கு மறந்துவிடுகிறது. ஆனால் ஆரணியாறு நம்மூரில் பிறப்பதன்று. ஆந்திரத்து மலைகளில் தோன்றி, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, ஊத்துக்கோட்டை வழியாக நம்மை அடைந்து, பொன்னேரிப் பக்கம் சென்று பழவேற்காட்டருகே கடலைச் சேர்கிறது. அங்கே மலையில் பெய்து அணை நிறைந்து மதகு திறந்தால், இங்கே நட்சத்திரம் மின்னும் இரவிலும் வெள்ளம் வரும். 2021 நவம்பரில் அவ்வாறே பிச்சாட்டூரிலிருந்து நீர் திறந்துவிடப்பட, ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றது.

என் மோட்டார் சைக்கிள் கதையை அப்போதுதான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பாதிரியார் செய்த தவறு என்பதால் மிகுந்த ஆர்வத்துடன் கேட்டார்கள். விரைந்து ஓடும் நீர் அரை முழம்கூட இல்லாதபோதே வளர்ந்தவனைத் தள்ளிவிடும். ஒன்றரை முழம் இருந்தால் காரையும் மிதக்கவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவுப் பணி முடித்து விடியற்காலையில் இரு சக்கர வண்டியில் திரும்பும் தந்தையர் நம் பங்கில் அநேகர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அன்று மாலையே தகப்பனாரிடம் இதைச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சொன்னார்கள் என்பதை மறுவாரம் தகப்பனார்களே வந்து தெரிவித்தார்கள். ஒருவர் சற்று வெட்கத்துடன்.

பம்பரமும் புயலும்

இப்போது அச்சிறுவனின் கேள்விக்கு வருகிறேன். தாழ்வாரத் தரையில் சாக்குக் கட்டியால் கட்டங்கள் வரைந்து, அவனையே பம்பரம் விடச் சொன்னேன். எந்தக் கட்டத்தில் பம்பரம் சாயும் என்று மற்றவர்கள் சொல்லவேண்டும். விட்ட உடனே சொன்னவர்கள் பெரும்பாலும் தவறினார்கள். சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். சாயும் தறுவாயில் சொன்னவர்கள் எல்லோரும் சரி. ஆனால் அப்போது சொல்லி என்ன பயன்? தவறாகச் சொன்னவர்கள் பொய்யர்களா என்று கேட்டேன். "இல்லை சாமி. பம்பரம் நகர்ந்துவிட்டது" என்றான் அவனே.

அந்த அக்டோபரில் நடந்ததும் அதுவே. வங்கக் கடலில் சுழன்ற காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 15-ஆம் தேதி சென்னையில் நல்ல மழை கொடுத்தது. 16-ஆம் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை. அன்று மழைமேகங்கள் வடக்கே நகர, மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. அஞ்சிய அளவு மழை இல்லை. அதற்கு முந்தின ஆண்டு மிக்ஜாம் புயலோ 2023 டிசம்பர் 5-ஆம் தேதி தொலைவில் ஆந்திரத்துப் பாபட்லா அருகே கரை கடந்தது. எனினும் 3, 4 தேதிகளில் நம் கரையோரமாக மெல்ல ஊர்ந்து சென்னையையும் நம் மாவட்டத்தையும் மூழ்கடித்துவிட்டுச் சென்றது. அருகே கடந்தது காய்ந்தது. தூரத்தில் கடந்தது நனைத்தது. சுழலின் எல்லாப் பக்கத்திலும் மழை ஒரே அளவாக இருப்பதில்லை. சிவப்பு என்றால் "நிச்சயம் பெய்யும்" என்பதன்று; "பெய்தால் தாங்கமாட்டாய், இப்போதே செயல்படு" என்பது. மஞ்சள், கவனித்திரு, ஆரஞ்சு, ஆயத்தமாயிரு.

இந்த முன்னறிவிப்பின் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு! சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் நிறுவப்பட்ட வானாய்வுக் கூடத்தின் கல்தூண், தமிழ் எழுத்துகளும் பொறிக்கப்பட்டதாய், வானிலை அலுவலக வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மீனம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் காலையும் மாலையும் கருவி கட்டிய பலூன் மேலே செல்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி மாலையில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ், 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம் மேகங்களைப் படம் எடுக்கிறது. மாடியில் ஏறி நின்று ராக்கெட்டுக்குக் கைதட்டும் நம் பிள்ளைகளுக்கு, அது மழை பார்க்கப் போகிறது என்று சொல்வோர் குறைவு.

சிறுமியருக்காக அன்னா மாணியைப் பற்றியும் சொன்னேன். 1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளில் வைரத் தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சர் சி. வி. ராமனிடம் ஆய்வு செய்து, பின்னர் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்த கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். தவறான அளவைவிட அளவே இல்லாதிருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

நம் திருச்சபையின் பங்கும் சிறிதன்று. கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியின் மாடியில் கருவிகளை வைத்து வானிலை குறித்துவந்த இயேசு சபைக் குரு லாஃபோன், 1867 நவம்பரில் வந்த புயலை முன்னுணர்ந்து அதிகாரிகளை எச்சரித்தார். மூன்றே ஆண்டுகளுக்கு முன் அந்நகரைப் புயல் அழித்திருந்தது. கியூபாவின் அவானா நகரில் வீஞேஸ் அடிகளார் 1875-லும், மணிலாவில் ஃபௌரா அடிகளார் 1879-லும் புயல் எச்சரிக்கை வெளியிட்டனர். செபிக்கத் தெரிந்தவர்கள் பாரமானி பார்க்கவும் தெரிந்திருந்தார்கள்.

புயல் நேரத்தில் பிள்ளைகள் தாமே செய்யக்கூடிய ஒன்று உண்டு. காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நின்றால், தாழ்வு மண்டலம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். பைஸ் பாலட் என்ற டச்சு அறிஞர் 1857-இல் கூறிய விதி இது. பூமியின் வடபாதியில் உள்ள நமக்கு இது பொருந்தும். வாடைக்காற்று வலுத்தால் புயல் கிழக்கே, கடலில். காற்று தெற்கிலிருந்து வீசினால் அது மேற்கே சென்றுவிட்டது. ஆனால் பலத்த காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே ஓடாதீர்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலின் கண் சென்னையின்மேல் சென்றபோது சற்று நேரம் அமைதி. பின்பு எதிர்த் திசையிலிருந்து காற்று அறைந்தது. துறைமுகப் புயல் கூண்டுகளின் எண்களையும் மனப்பாடம் செய்தார்கள்: 1, 2 புயல் தொலைவில், 3, 4 துறைமுகத்திற்கு எச்சரிக்கை, 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பேரபாயம், 11 என்றால் வானிலை நிலையத்துடன் தொடர்பே அற்றுப்போயிற்று. அந்தப் பதினொன்றைக் கேட்டுச் சிறுவர் முகத்தில் தோன்றிய திகைப்பை நான் மறக்கமாட்டேன்.

இடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி இடி கேட்கும்வரை எண்ணுக. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் வெளியே இருக்கலாகாது. பனைமரத்தடியும் புளியமரத்தடியும் மிகத் தீது. எங்கள் பாட்டிமார் "இயேசு மரி சூசை" என்று சொல்லி நெற்றியில் சிலுவை இடுவர். சொல்லட்டும், இடட்டும், ஆனால் திண்ணையில் நின்றன்று, வீட்டினுள் வந்து.

இப்போது எங்கள் ஆலய வளாகத்தில் ஒரு மழைமானியும், ஆற்றின் அக்கரையில் ஒரு மாணவன் வீட்டில் இன்னொன்றும் உள்ளன. ஒரு நாள் இங்கே 31 மில்லிமீட்டர், அங்கே 12. இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் சண்டையிட்டு, கடைசியில் மழை அப்படித்தான் பெய்யும் என்று தெளிந்தார்கள். ஏட்டில் வெயில் நாட்களுக்கும் சுழி போட்டிருக்கிறார்கள். வெற்றிடமாக விட்டால் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். சுழி போட்டால் பார்த்தோம், பெய்யவில்லை என்று பொருள். இதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை, ஆசிரியை சொன்னாராம். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் 8.30-க்கு வர முடியாத நாட்களில் யார் பார்ப்பது என்ற வழக்கு என்னிடம் வந்தது. அந்நாட்களில் பாட்டிலைப் பார்ப்பது பங்குத்தந்தையின் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. சென்ற வாரம் ஒரு நாள் நான் மறந்துவிட்டேன். ஏட்டில் அந்த இடம் வெற்றிடமாகவே இருக்கிறது.